காட்டுமாடு எண்ணிக்கை ஏறிட்டா போதாதா, அப்புறம் எதுக்கு இந்த ஜீன் கணக்கு?

கொம்புப்பித்தன் எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்கற சந்தேகம், தப்பா இருந்தா திட்டாதீங்க. நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல, காட்டு மாட்டு வகைங்கன்னா உசுரு, அவ்ளோதான். பான்டெங் தெரியும்ல, ஜாவா, போர்னியோ, கம்போடியா, தாய்லாந்துப் பக்கம் இருக்கறது, பசு செம்பழுப்பா இருக்கும், ஜாவா காளைங்க நல்ல கருப்பு, எல்லாத்துக்கும் முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், பின்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. அத 2024-ல ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) லிஸ்ட்ல அழிவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற கடைசிப் படிக்குத் தள்ளிட்டாங்க. படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு.

ஆனா பாருங்க, அதே பான்டெங் ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரத்துல கோபர்க் தீபகற்பத்துல ஆயிரக்கணக்குல மேயுது. 1849-ல போர்ட் எசிங்டன்ல இருந்த பிரிட்டிஷ் குடியிருப்புக்குன்னு வெறும் 20 மாடு கொண்டாந்து எறக்குனாங்க, அந்த வருஷமே குடியிருப்பக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்டாங்க, மாடுங்க மட்டும் அங்கயே நின்னு பெருகிடுச்சு. இங்கிலாந்துல சில்லிங்ஹாம்னு ஒரு வெள்ளை மாட்டு மந்தை, 300 வருஷத்துக்கு மேல வெளி ரத்தமே சேரல, 1947 பனியில 13 உருப்படியா சுருங்கிப்போச்சு, இன்னிக்கு மறுபடி நூத்துக்கு மேல நிக்குது.

அப்போ என் கேள்வி: 20 மாடு ஆயிரமாகும், 13 மாடு நூறாகும்னா இந்த ஜெனடிக் டைவர்சிட்டி (மாட்டுக்கு மாடு ஜீன் வேறுபடறது), இன்பிரீடிங் (ரத்த நெருக்கம், சொந்தத்துக்குள்ளயே சேர்றது)னு எதுக்கு இவ்ளோ பயமுறுத்தறாங்க? கண்ணுல படற மாட்டக் காப்பாத்தி எண்ணிக்கைய ஏத்துனா போதாதா? ஆஸ்திரேலியா மாட்டயே கப்பல்ல ஏத்தி ஜாவாவுல விட்டா என்ன? நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன்.

சாணிடப்பா எழுதியது:

தம்பி, திட்டற அளவுக்கு ஒன்னும் இல்ல, நல்ல கேள்விதான். நான் சில வருஷம் ஒரு லேப்ல இதே வேலைதான் பாத்தேன், பேர் பாத்தாலே தெரியும்.

மொதல்ல சில்லிங்ஹாம். நீங்க சொன்னது அத்தனையும் சரி. 2001-ல அந்த மந்தையோட டிஎன்ஏல 25 எடத்துல பாத்தாங்க, 24-ல எல்லா மாடும் ஒரே மாதிரி. கிட்டத்தட்ட ஒரே மாட்டோட ஜெராக்ஸ் காப்பிங்க. அப்படியும் கன்னு போடுது, நல்லாத்தான் இருக்கு. எப்படின்னா, மோசமான ஜீன் அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் வந்து ஜோடி சேர்ந்த கன்னுங்க தலைமுறை தலைமுறையா செத்து ஒழிஞ்சதுல அந்த மோசமான ஜீனே மந்தைய விட்டுப் போயிருக்கலாம். இதுக்கு சலிச்சு எடுக்கறதுன்னு வெச்சுக்கங்களேன், சல்லடைல கல்லு நிக்கற மாதிரி. ஆனா ஒன்னு கவனிங்க, நாம பொழச்ச மந்தையத்தான் பாக்கறோம். இதே மாதிரி சுருங்கி அப்படியே போய்ச்சேர்ந்த மந்தைங்களப் பத்தி யாரும் கட்டுரை எழுதறதில்ல, ஏன்னா எழுதறதுக்கு மாடு இல்ல.

அடுத்தது, எண்ணிக்கை. 100 மாடு மேயுதுன்னா 100 மாட்டோட ஜீனும் அடுத்த தலைமுறைக்குப் போகுதுன்னு அர்த்தம் இல்ல. மாடு வளக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல, அதான் பொலிகாளைய சில வருஷத்துல மாத்திடறாங்க, தான் போட்ட கிடாரி மேலயே ஏறக்கூடாதுன்னு. காட்டுல யாரு மாத்துவா? பெரிய காளை ஒன்னு ரெண்டு மத்ததுங்கள முட்டித் தள்ளிட்டு எல்லாப் பசுவையும் அதுவே சேரும். இதுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு, கன்னு போடற பசுவையும் சேர்ற காளையையும் பெருக்கி, அத நாலால பெருக்கி, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும். 100 மாட்டுல கன்னு போடறது 60 பசு, சேர்றது 5 காளைன்னா 1200-ஐ 65-ஆல வகுத்தா 18 சொச்சம். மேய்றது 100, ஜீன் கணக்குல 18! ஒரே காளை, 20 பசுன்னா விடை நாலு கூட வராது. இந்த எண்ணு 18-ல நின்னா ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த நெருக்கம் 2.7 சதவீதம் கிட்ட ஏறும். 50-க்குக் கீழ போகாமப் பாத்துக்கங்கன்னு பழைய விதி ஒன்னு இருக்கு, அப்போ ஏத்தம் ஒரு சதவீதம். அதுவும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கத்தான், ரொம்ப காலத்துக்குன்னா 500 வேணும்பாங்க. 50, 500 எல்லாம் வேதவாக்கு இல்ல, சண்டை இன்னும் ஓடுது, ஆனா திசை புரியும்.

ஐரோப்பியக் காட்டெருது, வைசென்ட்னு சொல்வாங்க, அத எடுத்துக்கங்க. காட்டுல இருந்த கடைசி மந்தை 1927-ல காகசஸ்ல முடிஞ்சுது. மிச்சம் இருந்தது மிருகக்காட்சிசாலைகள்ல 50 சொச்சம், அதுலயும் வம்சம் தொடர்ந்தது வெறும் 12 மாடு வழியா. காகசஸ் இனத்துல மிஞ்சுனது ஒரே ஒரு காளை, அதுக்குப் பேரே காகசஸ். 1932-ல இருந்து ஒவ்வொரு கன்னுக்கும் அப்பன் ஆத்தா பேரோட ஜாதகப் புத்தகம் போட்டு வளத்தாங்க, 1952-ல இருந்து காட்டுல விட ஆரம்பிச்சாங்க. 2003-ல 1,800 இருந்தது 2019-ல 6,200-ஐத் தாண்டிடுச்சு, 2020-ல ஐயுசிஎன்னே ஆபத்துப் படியில இருந்து ஒரு படி எறக்குச்சு. சூப்பர் வெற்றிதானே? ஆனா அதே சமயத்துலயே காட்டுல திரியற 47 மந்தைல 8 மந்தைதான் ஜீன் கணக்குல நீண்ட காலம் தாங்கற அளவுக்குப் பெருசுன்னும் சொன்னாங்க. சமவெளி இனத்துக்கு மூலம் 7 மாடு, அதுலயும் பிளான்டான்னு ஒரு பசு, பிளெபேயர்னு ஒரு காளை, இந்த ஜோடி மட்டுமே முக்கால்வாசிக்கு மேல ஜீன நிரப்பி வெச்சிருக்கு. காளைங்களுக்குக் குறியோட முன்தோல்ல புண்ணு வந்து அழுகற ஒரு நோய் அதுங்கள விடாம தொரத்துது, ரத்த நெருக்கமும் ஒரு காரணமா இருக்கலாம்னு ரொம்ப நாளா சந்தேகம்.

கோபர்க் மாட்டுக்கு வரேன். அதுல வேறுபாடு ரொம்ப ரொம்பக் கம்மின்னு 2007-லயே பாத்துட்டாங்க. இன்னொரு விஷயம் நீங்க கவனிக்கல, 1849-ல எறங்குனது காட்டு பான்டெங் இல்ல, பாலி மாடு. அதாவது பான்டெங்கப் புடிச்சு வீட்டு மாடா பழக்குன வம்சம். நாட்டு மாட்டு ரத்தம் கலக்காத சுத்த பான்டெங்தான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா காட்டு பான்டெங்கோட முழு ஜீன் பெட்டி அதுல இல்ல. வெச்சுக்கறதுக்கு நல்ல இன்சூரன்ஸ், அசலுக்கு மாத்து இல்ல.

வேலிக்குவெளிய எழுதியது:

சாணிடப்பா அண்ணன் சொன்னது எல்லாம் ஒத்துக்கறேன், ஆனா எனக்கு இந்தப் பேச்சு ஆரம்பிச்சாலே கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னிச்சுக்கங்க. தென்கிழக்கு ஆசியாவுல காட்டுமாடு சாகறது ஜீன் குறைஞ்சு இல்ல. சுருக்குக் கம்பியில. மோட்டார் பைக் பிரேக்குக்குப் போடற கம்பி இருக்கே, அத வளைச்சு ஒரு மரக்கன்னுல கட்டி வெச்சா முடிஞ்சுது, பன்னிக்கு வெச்சதுல மான் மாட்டும், மானுக்கு வெச்சதுல பான்டெங் கன்னு மாட்டும், தாய் கால அறுத்துக்கிட்டு ஓடி நாலு நாள் கழிச்சு சீழ் புடிச்சு சாகும். ரோந்து போறவங்க ஒரே நடைல சாக்கு நெறைய கம்பி எடுத்துட்டு வருவாங்க, மறுவாரம் அதே எடத்துல புதுக் கம்பி. இதுல ஹெட்டரோசைகாசிட்டி (ஜீன் வேறுபாட்டுக்கான அளவு)ன்னு ஸ்லைடு போட்டா யாருக்கு என்ன?

கௌப்ரேன்னு ஒரு காட்டுமாடு, அதோட கதை தெரியும்ல? 1937-ல பாரிஸ் மிருகக்காட்சிசாலைல இருந்த ஒரு கன்னப் பாத்துதான் இது புது இனம்னு உலகத்துக்குச் சொன்னாங்க. கம்போடியாவோட தேசிய விலங்கே அதான். போரு, வேட்டைன்னு போயே போச்சு. போன அப்புறம் 2006-ல அது தனி இனமே இல்ல, பான்டெங்கும் நாட்டு மாடும் சேர்ந்து பொறந்த கலப்புன்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, அப்புறம் இல்ல இல்லன்னு மறுப்பு, கடைசில 2021-ல மியூசியத்துல இருந்த மண்டையோட்டுல இருந்து முழு ஜீனோம் (மொத்த ஜீன் தொகுப்பு) எடுத்து அது தனி இனம்தான்னு ஊர்ஜிதம் பண்ணாங்க. சந்தோஷம். மாடு எங்க?

பழம்பசு எழுதியது:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், யாராச்சும் அடுத்து "காட்டெருமை"ன்னு எழுதறதுக்குள்ள சொல்லிடறேன். நம்மாளுங்க பாதிப் பேர் காட்டெருமைன்னு போட்டோ போடறது கௌர், அது எருமையே இல்ல, மாட்டுச் சாதி. நெசமான காட்டெருமை வேற, அஸ்ஸாம்ல காசிரங்கா, மானஸ் பக்கம் இருக்கு, கொம்பு ரெண்டும் அரிவாள விரிச்சு வெச்ச மாதிரி இருக்கும், அதுவும் உலகத்துல 4,000-க்குக் கம்மிதான். கௌருக்குப் பழைய தமிழ்ப் பேர் "ஆமா", "ஆமான்"னும் சொல்வாங்க, சங்கப் பாட்டுல வருது. என்ன, இப்ப "அது ஆமாவா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு பதில் சொல்லி ரெண்டு பேரும் முழிக்கணும்.

இந்தப் பேர்க் குழப்பம் சும்மா இல்ல, இனம் எதுன்னு தெரியாம கலந்துடறதும் ஒரு பிரச்சினை. இந்திய கௌருக்கு குரோமோசோம் (செல்லுக்குள்ள ஜீனச் சுமக்கற இழை) 58, மலேயா கௌருக்கு 56, நாட்டு மாட்டுக்கும் பான்டெங்குக்கும் 60. வெளிய இருந்து பாத்தா ரெண்டு கௌரும் ஒன்னுதான். ஒரே பட்டில விட்டா?

சாணிடப்பா எழுதியது:

வேலிக்குவெளிய தம்பி சொல்றதுல எனக்குச் சண்டை இல்ல. கம்பிய எடுக்கறதுதான் மொத வேலை. ஆனா ஜீன் பாக்கறவன் ரெண்டாவது வரிசைல நிக்கறான்னு சொல்லுங்க, வரிசைலயே இல்லன்னு சொல்லாதீங்க. ஏன்னா தலைய எண்ணறதே பல எடத்துல ஜீன வெச்சுத்தான். அடர்ந்த காட்டுல மாட்ட நேர்ல பாத்து எண்ண முடியாது, சாணிய எண்ணலாம்.

எப்படின்னா, விடியக்காலைல போகணும். அப்பத்தான் போட்ட சாணி மேல பளபளன்னு ஒரு வழவழப்பான படலம் இருக்கும், குடல் உள்சுவத்துல உரிஞ்ச செல்லு எல்லாம் அதுலதான். நடுச்சாணிய அள்ளிட்டு வந்து பிரயோஜனம் இல்ல, அது வெறும் புல்லு. பஞ்சுக்குச்சியால மேல்படலத்த மட்டும் லேசா உருட்டி எடுத்து ஆல்கஹால் இருக்கற டியூப்ல போட்டு மூடிடணும். வெயில் ஏறுனா டிஎன்ஏ நொறுங்கிடும், மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடும், சாணிவண்டு வந்துட்டா உங்களுக்கு முன்னாடி அது வேலைய முடிச்சிருக்கும். அப்புறம் லேப்ல பாத்தா, 40 சாணி எடுத்ததுல 11 மாடுதான் இருக்கும், ஒரே காளை நம்ம பாதைலயே அஞ்சு தடவை போட்டிருப்பார். ரெண்டு மூணு சாம்பிள் நாட்டு மாட்டோடதா இருக்கும், மேய்ச்சலுக்கு வந்தது. அது கெடைக்கறதும் ஒரு தகவல்தான், நாட்டு மாடு காட்டுக்குள்ள எதுவரைக்கும் வருது, கோமாரி எதுவரைக்கும் வரும்னு தெரிஞ்சுடும்.

என்னோட மொத சீசன் கதை ஒன்னு. டியூப் மேல எல்லாம் மார்க்கர் பேனாவுல நம்பர் எழுதி அழகா அடுக்கி பேக் பண்ணியாச்சு. ரெண்டு மூடி சரியா திருகல, வண்டி குலுங்குன குலுக்குல ஆல்கஹால் கசிஞ்சு மொத்த ட்ரேல இருந்த நம்பரையும் கரைச்சு ஒரு நீலக் கொழம்பாக்கிடுச்சு. ஆறு வார நடை, எது எந்த மலைன்னு தெரியாத சாணி. பெரியவர் ஒருத்தர் திட்டவே இல்ல, ஒரு பென்சிலையும் சின்னச் சின்னதா வெட்டுன காகிதத்தையும் கைல குடுத்தாரு, பென்சில்ல எழுதி டியூப்புக்கு உள்ள போடுன்னு. பென்சில் ஆல்கஹால்ல கரையாது. இன்னிக்கு வரைக்கும் பென்சில்தான்.

கொம்புப்பித்தன் எழுதியது:

அண்ணே சாணி கதை செம. எண்ணிக்கை வேற, பங்கு போடற ஆளுங்க எண்ணிக்கை வேறன்னு இப்பப் புரியுது. ஆனா ஒன்னு, குளோனிங் இருக்கே? செல்ல உறைய வெச்சு வேணுங்கறப்ப மாடு பண்ணிக்கலாம்ல? அப்புறம் பழம்பசு கேட்ட கலப்பு விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லலயே.

சாணிடப்பா எழுதியது:

குளோனிங் பண்ணியாச்சு தம்பி, அதுவும் மொத வரிசைல பண்ணதே காட்டுமாட்டுலதான். 2001 ஜனவரில நோவான்னு ஒரு கௌர் கன்னு, நாட்டுப் பசு வயித்துல வளந்து பொறந்துச்சு, ரெண்டே நாள்ல வயித்துப்போக்குல போயிடுச்சு. 2003-ல பான்டெங். 1980-ல செத்த ஒரு காளையோட தோல் செல்லு சான் டியாகோ மிருகக்காட்சிசாலைக்காரங்களோட உறைநிலைக் கிடங்குல இருந்தது, அதுல இருந்து ரெண்டு கன்னு வந்துச்சு, ஒன்னு அளவுக்கு மீறிப் பெருசா பொறந்ததால கருணைக்கொலை பண்ண வேண்டியதா போச்சு, இன்னொன்னு சான் டியாகோவுல 2010 வரைக்கும் இருந்தது. அதாவது ஏழு வருஷம். நல்லா பாத்துக்கிட்டா பான்டெங் 20 வருஷம் கிட்ட வாழும்.

இதுல நான் எப்பவும் ரசிச்சு சொல்ற ஒரு விஷயம், முட்டை நாட்டுப் பசுவோடது, உட்கரு மட்டும்தான் பான்டெங். அப்போ செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற, தனக்குன்னு கொஞ்சம் டிஎன்ஏ வெச்சிருக்கற மைட்டோகாண்ட்ரியா? அது நாட்டு மாட்டோடது. ஆளு பான்டெங், பேட்டரி நாட்டு மாடு. நல்லவேளை அது காளை, மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாத்தான் போகும், அதனால அது போடற கன்னுக்கு இந்தக் கோளாறு ஒட்டாது. பசுவ இப்படிப் பண்ணியிருந்தா அந்த வம்சம் பூரா நாட்டு பேட்டரிலதான் ஓடும். குளோனிங்க நான் மட்டம் தட்டல, தொலைஞ்ச ஒரு காளையோட பங்கத் திரும்ப சேக்க அது ஒரு வழி. ஆனா ஒரே மாட்ட நூறு காப்பி எடுத்தா மேல சொன்ன கணக்குல அது ஒன்னுதான். உறைய வெக்கறதுன்னா பல மாட்டோட செல்லயும் விந்தையும் வெக்கணும், அதுக்கு மாடு உசுரோட இருக்கும்போதே சாம்பிள் எடுத்திருக்கணும்.

கலப்பு. இது ரொம்ப முள்ளு. பான்டெங் காளை நாட்டுப் பசுவோட சேர்ந்தா பொறக்கற மொத தலைமுறைக் காளைக்கன்னு மலடு, கிடாரிக்கன்னு மலடு இல்ல. அப்போ கிடாரி வழியா ரத்தம் சத்தமில்லாம உள்ள நுழைஞ்சுக்கிட்டே இருக்கும், பாத்தா தெரியாது. அமெரிக்கன் பைசன் அப்படித்தான் மாட்டுச்சு. 1902-ல யெல்லோஸ்டோன்ல ரெண்டு டஜன்தான் மிஞ்சுச்சு, வெளிய பண்ணைக்காரங்க பைசனையும் மாட்டயும் சேத்து விட்டுப் பாத்தாங்க, 2022-ல முழு ஜீனோம் பாத்தப்ப, சுத்தம்னு நெனச்ச யெல்லோஸ்டோன் உட்பட பாத்த எல்லா மந்தைலயும் கொஞ்சூண்டு மாட்டு டிஎன்ஏ. இப்ப என்ன பண்ணுவீங்க, சுத்தமில்லன்னு எல்லாத்தையும் ஒதுக்குவீங்களா? என்னைக் கேட்டா ஒரு சதவீதக் கலப்புக்காக ஒரு மந்தைய ஒதுக்கறவன் ஜாதகம் பாத்து பொண்ணு வேணாங்கறவன் மாதிரி, கடைசில கல்யாணமே நடக்காது. அதுக்காக போர்னியோ பான்டெங்கயும் ஜாவா பான்டெங்கயும் கண்ணமூடிட்டுச் சேத்தும் விடக்கூடாது, போர்னியோ மாட்டோட மைட்டோகாண்ட்ரியா ஜாவா பான்டெங்க விட கௌருக்குத்தான் பக்கம். அங்க பிரிச்சு வெக்கறதுல அர்த்தம் இருக்கு. மலேயா கௌரும் அப்படியே, பழம்பசு கேட்டதுக்கு பதில்: கன்னு பொறக்கும், 57 குரோமோசோமோட, அப்புறம் அதுங்க சந்ததில கரு தங்கறது சிக்கல் ஆகலாம். அதனால பட்டில விடறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் பாத்துடணும்.

வேலிக்குவெளிய எழுதியது:

நல்லா பண்ண உதாரணமும் ஒன்னு சொல்லிடறேன், இல்லன்னா நான் எப்பவும் மூக்கால அழறவன்னு நெனப்பீங்க. மத்தியப் பிரதேசத்துல பாந்தவ்கர் புலிகள் காப்பகத்துல 1998-க்குள்ள கௌர் சுத்தமா இல்லாம போச்சு. 2011-ல அதே மாநிலத்துக் கன்ஹா காட்டுல இருந்து 19, மறுவருஷம் 31, மொத்தம் 50 கௌர மயக்க ஊசி போட்டு லாரில ஏத்திக் கொண்டாந்து விட்டாங்க. பெருகுச்சு. அதோட விட்டுட்டா நீங்க சொல்ற அதே 50 பேரோட பங்குதான் சுத்திச் சுத்தி வரும்னு 2025-ல சாத்புரா காட்டுல இருந்தும் கொண்டாந்தாங்க. இத்தனைக்கும் புலி, சிறுத்தை எல்லாம் இருக்கற காடு. எனக்குப் புடிச்சது, ஜெயிச்சாச்சுன்னு போட்டோ எடுத்துட்டுப் போகாம திரும்ப வந்தாங்க பாருங்க, அதான்.

மத்தபடி நோய்க்கும் ஜீனுக்கும் இருக்கற தொடர்ப யாரும் பேசல. பிலிப்பைன்ஸ்ல மின்டோரோ தீவுல தமராவ்னு குட்டைக் காட்டெருமை, அந்தத் தீவத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்ல, 1900 வாக்குல 10,000 இருந்ததா சொல்வாங்க, 1930-கள்ல வெக்கை நோய் வந்து அடிச்ச அடில இருந்து எந்திரிக்கவே இல்ல, இப்ப சில நூறு. அந்த நோய் 2011-ல உலகத்த விட்டே ஒழிஞ்சுது, ஆனா பாலி மாட்டுக்குன்னே ஜெம்ப்ரானான்னு ஒரு வைரஸ் நோய் 1964-ல பாலில கெளம்புச்சு, மத்த மாட்டுக்கு வந்தா லேசா போயிடும், பாலி மாட்டுக்கு வந்தா காய்ச்சல்ல கொத்துக் கொத்தா விழும். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாடுன்னா ஒரு சாவி எல்லாப் பூட்டையும் தொறந்துடும். கோபர்க் மாட்ட ஜாவாவுக்குக் கொண்டு போலாமான்னு கேட்ட கொம்புப்பித்தன் ப்ரோ, இதையும் மனசுல வெச்சுக்கங்க.

கொம்புப்பித்தன் எழுதியது:

வெச்சுக்கிட்டேன் ப்ரோ, கப்பல் பிளான் கேன்சல். கடைசியா ஒன்னே ஒன்னு. சாவ்லா, வியட்நாம் லாவோஸ் மலைல இருக்கற அந்த ரெட்டைக் கொம்பு, மான் மாதிரி இருந்தாலும் மாட்டுக் குடும்பம்தான்னு படிச்சேன். அதுக்கும் ஜீனோம் பாத்துட்டாங்களாமே, உண்மையா? உசுரோட ஒன்னு கூட கைல இல்லாம எப்படிப் பாத்தாங்க?

சாணிடப்பா எழுதியது:

உண்மைதான். வேட்டைக்காரங்க வீடுகள்ல மிஞ்சிக் கெடந்த எலும்பு, கொம்பு, தோல்னு துண்டு துண்டா சேத்து 26 சாவ்லாவோட ஜீனோம் எடுத்து 2025-ல வெளியிட்டாங்க. ரெண்டு கூட்டம் இருந்திருக்கு, அஞ்சாயிரத்துல இருந்து இருபதாயிரம் வருஷம் முன்னாடியே பிரிஞ்சது. ரெண்டும் வேறுபாட்ட எழந்திருக்கு, ஆனா ஒன்னு எழந்தது இன்னொன்னுகிட்ட இருக்கு, அதனால ரெண்டு கூட்டத்துல இருந்தும் கலந்து ஒரு டஜன் கெடச்சாக் கூட வம்சத்தத் தூக்கி நிறுத்தலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க.

வேலிக்குவெளிய எழுதியது:

ஒரு டஜன். கேமராவுல கடைசியா ஒன்னு பட்டது 2013.

சாணிடப்பா எழுதியது:

தெரியும் தம்பி. சாணி தேடி, அட்டை குடிச்ச ரத்தத்துல டிஎன்ஏ தேடி, ஓடைத் தண்ணிய வடிகட்டின்னு இன்னும் ஆளுங்க மலைல திரியறாங்க. நீங்க கம்பி எடுக்கப் போற பக்கம் பளபளன்னு ஏதாச்சும் கெடந்தா மேல்படலத்த மட்டும் எடுங்க. பென்சில்ல எழுதுங்க.